கோதாவரிக் கரையின் பேராசான்: கந்துகூரி வீரேசலிங்கம் பந்துலு

தாய்மொழி ஒன்றும் வாழும் நாட்டு மொழி வேறொன்றுமாக அமைந்தோர்க்கு இரு கடமைகள் உண்டு. தம் முன்னோரை மறவாதிருத்தல் ஒன்று. தமக்கு இடமளித்த நாட்டின் பெரியோரை அறிந்து போற்றுதல் மற்றொன்று. முதற்கடமையை நம் சங்கம் ஆண்டுதோறும் குறைவின்றி ஆற்றி வருகின்றது. வள்ளுவருக்கும் இளங்கோவிற்கும் பாரதிக்கும் நாம் விழா எடுக்கின்றோம். இரண்டாவது கடமையிலே நாம் சற்றுப் பின்தங்கியே இருக்கின்றோம் என்று கூறினால் அன்பர்கள் பொறுத்தருள்வார்களாக. நம் குடியிருப்பிலுள்ள குழந்தைகள் பள்ளியிலே தெலுங்குப் பாடம் படிக்கின்றார்கள். அப்பாடங்களிலே வரும் பெயர்கள் பெற்றோராகிய நமக்குப் பெயர்களாகவே நின்றுவிடுகின்றன. அப்பெயர்களுள் தலையாய ஒன்றன் வரலாற்றை இம்மலரிலே தமிழில் சொல்ல முற்படுகின்றோம்.

நாம் வாழும் தடா, இரு மொழிகள் கைகோத்து நிற்கும் எல்லையூர். முன்னர் நெல்லூர் மாவட்டத்திலும் 2022 முதல் திருப்பதி மாவட்டத்திலும் அடங்கிய இவ்வூரின் வழியேதான் சென்னையையும் வட ஆந்திரத்தையும் இணைக்கும் பெருவழி செல்கின்றது, இருப்புப்பாதையும் செல்கின்றது, பழவேற்காட்டு ஏரியை ஒட்டிப் பக்கிங்ஹாம் கால்வாயும் செல்கின்றது. ஒருகாலத்தில் தெலுங்கு நூல்கள் பெரும்பாலும் சென்னையிலேயே அச்சாகின. அவை வடக்கே போய்ச் சேர்ந்ததும், வடக்கேயிருந்து புதிய கருத்துகள் தெற்கே வந்ததும் இத்திசையிலேதான். அவ்வாறு வந்த கருத்துகளுள் பெண்ணுக்குக் கல்வி வேண்டும், பெண்ணுக்கு மறுவாழ்வு வேண்டும் என்பவற்றை ஆந்திர நாட்டிலே உரக்கச் சொன்னவர் கந்துகூரி வீரேசலிங்கம் பந்துலு. அவர் உபாத்தியாயர், பத்திரிகாசிரியர், அச்சுக்கூடம் நடத்தியவர். மூன்றையும் ஒரே தொண்டாகச் செய்தமையே அவருடைய தனிச்சிறப்பாகும்.

பிறப்பும் இளமையும்

வீரேசலிங்கம் 1848-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் கோதாவரிக் கரையிலுள்ள ராஜமகேந்திரவரத்திலே பிறந்தார். தந்தையார் சுப்பராயுடு, தாயார் புன்னம்மா. பிறந்த சில திங்களிலேயே பெரியம்மை கண்டு பிழைத்தார். நான்கு வயதிலே தந்தையை இழந்தார். பெரிய தந்தையார் வேங்கடரத்தினம் ஆதரவிலே வளர்ந்தார். உடல் மெலிந்தது, இருமல் வாழ்நாள் முழுவதும் விடாது தொடர்ந்தது. ஆயினும் உள்ளம் மெலியவில்லை.

அக்கால வழக்கப்படி 1861-இல், தமக்குப் பதின்மூன்று வயதாகும்போதே, மணம் செய்விக்கப்பெற்றார். மணமகள் பத்து வயதும் நிரம்பாத சிறுமி. பாபம்மா என்ற பெயருடைய அச்சிறுமி புக்ககத்திலே ராஜ்யலக்ஷ்மி என்று அழைக்கப்பெற்றார். பிற்காலத்திலே குழந்தை மணத்தைத் தம் எழுதுகோலால் ஓயாது சாடிய பெரியார், தாமே அவ்வழக்கத்திற்கு ஆட்பட்டவர் என்பது நினைவில் இருத்தத் தக்கது. நல்லூழாக அம்மணம் ஒத்த மனத்தினர் இருவரை ஒன்றுசேர்த்தது. அவ்வம்மையாரைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

வீரேசலிங்கம் 1869-இல் மெட்ரிகுலேஷன் தேறினார். ஆங்கிலம் கற்ற இளைஞருக்கு அந்நாளிலே இரு வாயில்கள் திறந்திருந்தன: சர்க்கார் உத்தியோகம் ஒன்று, வக்கீல் தொழில் மற்றொன்று. கச்சேரிகளிலே கைக்கூலியும் நீதிமன்றங்களிலே பொய்ச்சாட்சியும் மலிந்திருந்ததைக் கண்டு அவ்விரண்டையும் அவர் வேண்டாவென ஒதுக்கினார். வருவாய் குறைந்ததாயினும் மனச்சான்றுக்கு இடையூறில்லாத உபாத்தியாயர் தொழிலையே தேர்ந்து கொண்டார்.

உபாத்தியாயர்

அவர் முதன்முதல் பணியாற்றியது கடற்கரையை அடுத்த கோரங்கியிலே. அதன்பின் 1874-இல் தவளேஸ்வரத்துப் பள்ளிக்குத் தலைமையாசிரியரானார். தவளேஸ்வரம், ஆர்தர் காட்டன் கோதாவரிக்குக் குறுக்கே எழுப்பி 1852-இல் முடித்த அணையால் புகழ்பெற்ற ஊர். அந்த அணை வயல்களுக்கு நீர் பாய்ச்சியதுபோலவே இந்தத் தலைமையாசிரியர் வீடுகளுக்கு அறிவு பாய்ச்ச முனைந்தார். வந்த ஆண்டிலேயே அவ்வூரில் பெண்களுக்கெனத் தனிப் பள்ளிக்கூடம் ஒன்றைத் திறந்தார்.

1874-இல் ஒரு சிற்றூரில் பெண்பள்ளி திறப்பது எளிய செயலன்று. எழுத்தறிந்த பெண்ணுக்குக் கணவன் நிலையான் என்று நம்பிய காலம் அது. பெண்களைப் பள்ளிக்கு அனுப்புமாறு பெற்றோரை வேண்ட வேண்டும். வரும் சிறுமிகளுக்குப் பாதுகாப்பு அளிக்க வேண்டும். பத்து வயதானதும் மணம் முடிந்து அவர்கள் நின்றுவிடுவதைப் பார்த்துக்கொண்டு மீண்டும் முதல் வகுப்பிலிருந்து தொடங்க வேண்டும். இவ்வளவிற்கும் மேலாக ஒரு தடை இருந்தது. பெண்கள் எழுத்துக் கற்றுவிட்டால் அடுத்து எதைப் படிப்பது? அன்றிருந்த தெலுங்கு நூல்களிற் பெரும்பாலானவை புலவர்க்கே விளங்கும் கடுநடைச் செய்யுள்கள்.

இந்தக் கேள்வியே வீரேசலிங்கத்தை எழுத்தாளராக மாற்றியது எனலாம். அவருங்கூடத் தொடக்கத்திலே புலமை விளையாட்டுகளில் மூழ்கியவரே. இதழ் ஒட்டாத எழுத்துகளால் மட்டுமே அமைந்த நிரோட்டகச் செய்யுளிலே நளன் கதையைப் பாடியிருக்கின்றார். நம் தமிழ்ப் புலவர்களும் இத்தகைய சித்திரக் கவிகளிலே மனம் வைத்தவர்களே என்பதை நாம் அறிவோம். ஆயினும் வகுப்பறையில் இருந்த சிறுமியர் முகங்களைக் கண்டபின் அவர் வேறு வழி திரும்பினார். எளிய உரைநடையே இனி வேண்டுவது என்று தெளிந்தார். சின்னயசூரி என்னும் புலவர் வடமொழிக் கதைகளைத் தெலுங்கு உரைநடையாக்கி 'நீதிசந்திரிகை' எனப் பாதியளவில் நிறுத்தியிருந்தார். எஞ்சிய பகுதிகளுள் இரண்டனை வீரேசலிங்கம் எழுதினார். சின்னயசூரி ஸ்ரீபெரும்பூதூரிலே பிறந்து சென்னைப் பிரசிடென்சிக் கல்லூரியிலே தெலுங்குப் பண்டிதராக விளங்கியவர். தெலுங்கு உரைநடையின் தந்தை தமிழ்மண்ணிலே பிறந்தார் என்பதும், அவர் அமர்ந்த பண்டிதர் பதவியிலே பின்னாளில் வீரேசலிங்கமும் அமர்ந்தார் என்பதும் நமக்கு இன்பமூட்டும் செய்திகள்.

பத்திரிகையும் அச்சுக்கூடமும்

பள்ளி தொடங்கிய அதே 1874-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் 'விவேகவர்த்தினி' என்னும் பத்திரிகையையும் அவர் தொடங்கினார். அப்பொழுது அவருக்கு இருபத்தாறு வயது. கையிலிருந்ததோ பள்ளி உபாத்தியாயரின் சம்பளம். சொந்த அச்சுக்கூடம் இல்லாமையால் பத்திரிகை முதலிற் சென்னையில் அச்சடிக்கப்பெற்றது. ஏறத்தாழ 600 கிலோமீட்டர்த் தொலைவு. இடையே இருப்புப்பாதை இல்லாத காலம். கையெழுத்துப் படியைத் தெற்கே அனுப்பி, அச்சான தாள்களை வடக்கே வரவழைப்பது எவ்வளவு இடர் நிறைந்தது என்பதை இன்று தடாவிலிருந்து சென்னைக்கு நாள்தோறும் சென்று மீளும் நாம் கற்பனை செய்வதே அரிது. செய்தி பழசாகும்; பிழை திருத்த வழியிராது. ஆகவே விரைவிலேயே நண்பர்கள் துணைகொண்டு கோதாவரிக் கரையிலேயே அச்சுக்கூடம் நிறுவினார். எழுதுவோனே அச்சிடுவோனும் ஆனான்.

'விவேகவர்த்தினி' இரண்டு களங்களிலே போரிட்டது. ஒன்று சமூகக் கொடுமைகள். மற்றொன்று அதிகாரிகளின் ஊழல். கைக்கூலி வாங்கிய உத்தியோகஸ்தர்களை அஞ்சாது வெளிப்படுத்தினார். பெண்கல்வி பற்றியோ எதிர்ப்பு வலுத்தது. சென்னையிலிருந்த கொக்கொண்ட வேங்கடரத்தினம் என்னும் பெரும்புலவர் பெண்கள் கற்பதை மறுத்து எழுதினார். இருவருக்குமிடையே நடந்த விவாதம் பத்திரிகைகளிலே நெடுநாள் நிகழ்ந்தது. நேருக்கு நேர் வாதம் செய்வதோடு வீரேசலிங்கம் நிற்கவில்லை. 'ஹாஸ்ய சஞ்சீவினி' என்று நகைச்சுவைக்கெனவே ஓர் இணைப்பைத் தொடங்கி மூடவழக்கங்களை எள்ளி நகையாடினார். பெண்ணை விலைக்கு வாங்கிக் கிழவர்கள் சிறுமியரை மணப்பதைக் கேலி செய்யும் 'பிரம்ம விவாகம்' என்னும் பிரகசனமும், வக்கீல்களின் பொய்யை அம்பலமாக்கும் நாடகமும் அவ்வழியிலே பிறந்தவை. அவருடைய வாதங்களை மறந்தவர்களும் நகைச்சுவையை மறக்கவில்லை.

1883-இல் பெண்களுக்கென்றே 'சதீஹிதபோதினி' என்னும் திங்களிதழைத் தொடங்கினார். பெண்பள்ளியில் எழுந்த கேள்விக்கு ஒன்பது ஆண்டுகள் கழித்துக் கிடைத்த விடை இது எனலாம். கதை, உடல்நலம், இல்லறம், புகழ்பெற்ற மாதர் வரலாறு ஆகியவை எளிய நடையிலே அதில் வெளிவந்தன.

நூல்களும் நோக்கமும்

1876-இல் ராஜமகேந்திரவரத்துச் சர்க்கார்ப் பள்ளியிலே தெலுங்குப் பண்டிதரான வீரேசலிங்கம், பகலிலே வகுப்பும் இரவிலே எழுத்துமாக வாழ்ந்தார். 1878 முதல் தம் பத்திரிகையிலே தொடராக வெளியிட்டு 1880-இல் நூலாக்கிய 'ராஜசேகர சரித்திரம்' தெலுங்கின் முதல் நாவல் எனப் பெரும்பாலோரால் கொள்ளப்படுகின்றது. ஆங்கிலத்தில் கோல்ட்ஸ்மித் எழுதிய 'வேக்பீல்டு பாதிரியார்' கதை அதற்குத் தூண்டுகோல். ஆயினும் வரும் மனிதர்களும் ஊரும் பழக்கவழக்கங்களும் முற்றிலும் கோதாவரிக் கரையினவே. இச்சகம் பேசுவோர், இரசவாதம் செய்வதாக ஏய்க்கும் போலித் துறவி, சோதிடத்தை நம்பிக் கெடுவோர் ஆகியோரால் செல்வம் இழந்து அலையும் ஒரு குடும்பத்தின் கதை அது. 1887-இல் ஆங்கிலத்திலும் மொழிபெயர்க்கப்பட்டது.

இங்கே தமிழர்களாகிய நாம் ஓர் ஒப்புமையை எண்ணிப் பார்க்கலாம். நம் மாயூரம் வேதநாயகம் பிள்ளை எழுதிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் வெளிவந்தது. ஓராண்டு இடைவெளியிலே அண்டை மொழிகள் இரண்டிலும் நாவல் பிறந்தது. வேதநாயகம் பிள்ளையும் பெண்கல்வியில் ஆர்வம் கொண்டவர். 'பெண்மதி மாலை' இயற்றியவர். அன்று ஒரே மாகாணமாக இருந்த நிலப்பரப்பிலே, ஒரே கவலையால் உந்தப்பெற்ற இருவர், இருவேறு மொழிகளில் ஒரே வடிவத்தை நாடினர்.

'சத்தியவதி சரித்திரம்' கல்வியறிவு பெற்ற ஒரு பெண்ணால் குடும்பம் சீர்படுவதைக் காட்டும் கதை. 'சத்தியராஜா பூர்வதேச யாத்திரைகள்' என்பது இன்னும் சுவையானது. அதன் நாயகன் ஆங்கிலக் கலிவரைப் போலப் புதுமை நாடுகளுக்குச் செல்கின்றான். அவற்றுள் ஒன்றிலே ஆட்சியும் அதிகாரமும் பெண்கள் கையில் உள்ளன. ஆண்களோ அடுப்படியிலே அடைபட்டு, கல்வி மறுக்கப்பட்டு, துணையை இழந்தபின் தனிமைக்கும் இழிவுக்கும் ஆளாகின்றார்கள். நம் நாட்டிலே பெண்ணுக்குச் செய்யும் கொடுமைகளை எல்லாம் ஆணுக்குச் செய்வதாக மாற்றிக் காட்டிய இவ்வுத்தி, பல சொற்பொழிவுகளாலும் ஆகாததை ஒரு கதையால் ஆக்கியது. படிக்கும் ஆடவன் முதலில் சிரிப்பான். பின்னர்த் தன் வீட்டை நோக்கி வெட்குவான்.

சாகுந்தலம் முதலிய வடமொழி நாடகங்களையும் ஷேக்ஸ்பியர் நாடகங்களையும் மொழிபெயர்த்தார். தெலுங்குப் புலவர்களின் வரலாற்றை 'ஆந்திர கவுல சரித்திரம்' என்னும் பெயரால் தொகுத்தார். தம் வாழ்க்கை வரலாற்றையும் தாமே எழுதினார். உரைநடையிலே இவருக்கு இணையில்லை என்று கருதிய மக்கள், மகாபாரதம் பாடிய திக்கன கவியின் பெயரால் இவரைக் 'கத்திய திக்கன' என்று வழங்கினர்.

1881 டிசம்பர்

கைம்பெண் மறுமணத்தை அனுமதிக்கும் சட்டம் வங்கத்து ஈசுவர சந்திர வித்தியாசாகரரின் முயற்சியால் 1856-இலேயே நிறைவேறியிருந்தது. ஆனால் சட்டம் ஏட்டிலே இருந்தது. சிறுமியர் மூலையிலே இருந்தனர். ஐந்து வயதிலே மணம் முடித்து ஏழு வயதிலே தாலியிழந்து, கணவன் முகத்தையும் அறியாமல் வாழ்நாள் முழுவதும் நோன்பிலும் ஏச்சிலும் கழித்தோர் எண்ணற்றோர். சட்டத்திற்கும் வாழ்விற்கும் இடையே நின்றது எது? மந்திரம் சொல்ல ஒரு புரோகிதர். சமைக்க ஓர் ஆள். இடங்கொடுக்க ஒரு வீடு. மணக்க முன்வரும் ஓர் இளைஞன். இவர்களைத் தாங்க ஊரின் பகையைத் தாங்கும் ஒருவர். இவ்வைந்தும் கூடாதவரை சட்டம் வெறுங்காகிதமே.

1879 ஆகஸ்டிலே ராஜமகேந்திரவரத்தில் மறுமணத்தை ஆதரித்து வீரேசலிங்கம் முதற் சொற்பொழிவு நிகழ்த்தினார். பண்டிதர்கள் திரண்டு எதிர்த்தனர். சாத்திர மேற்கோள்களைச் சாத்திர மேற்கோள்களாலேயே மறுத்தார். காக்கிநாடா வணிகர் பைடா ராமகிருஷ்ணய்யா பெரும்பொருள் உதவினார். பள்ளியிலும் கல்லூரியிலும் பயின்ற மாணவர்கள் அவர் பக்கம் நின்றனர். ஆறு ஏழு ஆண்டுகளாக வகுப்பறையிலும் பத்திரிகையிலும் விதைத்ததன் பயன் அப்பொழுதுதான் தெரிந்தது.

1881-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் ஆந்திர நாட்டின் முதற் கைம்பெண் மறுமணம் வீரேசலிங்கத்தின் இல்லத்திலே நடந்தேறியது. மணமகள் கௌரம்மா, மணமகன் கோகுலபாட்டி ஸ்ரீராமுலு. காவலர் பாதுகாப்பு வைக்க வேண்டியிருந்தது. மாணவர்கள் வீட்டைச் சூழ்ந்து நின்றனர். சில நாட்களுக்குள் இரண்டாவது மணமும் நிகழ்ந்தது.

அதன்பின் ஊர் தன் தண்டனையைத் தொடங்கியது. மணத்தில் கலந்துகொண்டோரைச் சாதியினின்றும் விலக்குமாறு மடாதிபதியின் கட்டளை வந்தது. துணை நின்றவர்களிற் சிலர் கழுவாய் செய்து விலகினர். சமையற்காரர் வர மறுத்தார். தண்ணீர் சுமப்போர் வர மறுத்தனர். உறவினர் வீட்டு நன்மை தீமைகளுக்கு அழைப்பில்லை. புரோகிதரும் கிடைப்பது அரிதாயிற்று. வீரேசலிங்கம் பின்வாங்கவில்லை. அவர் வாழ்நாளிலே அவர் முயற்சியால் நடந்த மறுமணங்கள் நாற்பதை ஒட்டும் என்பர்.

ராஜ்யலக்ஷ்மி அம்மையார்

இவ்விடத்திலே ஒரு கணம் நின்று, நூல்கள் பெரும்பாலும் ஓரிரு வரிகளிலே கடந்து செல்லும் ஒருவரை நாம் வணங்க வேண்டும். ஊர் விலக்கியபோது அதன் சுமை முழுவதும் யார் தலைமேல் விழுந்தது? கணவர் பள்ளிக்குச் செல்வார், அச்சுக்கூடம் செல்வார், கூட்டத்திற்குச் செல்வார். வீட்டிலே இருந்தவர் ராஜ்யலக்ஷ்மி அம்மையார். கோதாவரிக்குச் சென்று குடத்திலே நீர் சுமந்து வந்தவர் அவர். மணத்திற்கு வந்தோர்க்கெல்லாம் தாமே சமைத்துப் பரிமாறியவர் அவர். புகலிடம் தேடிவந்த கைம்பெண்களைத் தம் மக்களாகப் பேணியவரும் அவரே. தம்பதியருக்கு மக்கட்பேறில்லை. ஆனால் அவ்வில்லத்திலே பிள்ளைக் குரல் ஓய்ந்ததில்லை.

உறவினர் வேண்டியும் அச்சுறுத்தியும் கணவரை விட்டுவருமாறு அம்மையாரை அழைத்தனர். அவர் இசையவில்லை. தாமே கற்றார், பெண்களுக்குக் கற்பித்தார், பிரார்த்தனைக் கூட்டங்கள் நடத்தினார். 1910-இல் அவர் காலமானார். வீரேசலிங்கத்தின் எழுத்திற்கு மை ஊற்றியவை இரு கைகள் என்றால், ஒரு கை அவ்வம்மையாருடையது. பெண்விடுதலை வரலாற்றை எழுதுவோர் மேடையைப் பார்க்கின்றனர், அடுப்படியைப் பார்ப்பதில்லை. நம் வீட்டுத் தாய்மார்கள் இவ்வுண்மையைப் பிறர் சொல்லாமலே அறிவர்.

சென்னை வாழ்வு

1890-களின் இறுதியிலே வீரேசலிங்கம் சென்னைக்கு வந்தார். பிரசிடென்சிக் கல்லூரியிலே தெலுங்குப் பண்டிதராகப் பணியாற்றினார். 1898-இல் சென்னையிலே கூடிய தேசிய சமூக மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். பம்பாய் மகாதேவ கோவிந்த ரானடே இவரைத் தென்னாட்டு வித்தியாசாகரர் என்று போற்றினார். சர்க்கார் 1893-இலேயே ராவ் பகதூர்ப் பட்டம் வழங்கியிருந்தது. பட்டத்தினும் பெரிது ஒன்றுண்டு. அவர் மூட்டிய தீ தமிழ்நாட்டிலும் பற்றியது. சென்னையிலே திவான் பகதூர் இரகுநாதராவ் மறுமண இயக்கத்தை முன்னின்று நடத்தினார். சுதேசமித்திரனை நிறுவிய ஜி. சுப்பிரமணிய ஐயர் 1889-இல் தம் கைம்பெண் மகளுக்கே மறுமணம் செய்வித்து ஊர்ப்பகையை ஏற்றார். அ. மாதவையா 'முத்துமீனாட்சி' எழுதினார். 1910-களிலே சகோதரி சுப்புலட்சுமி, தாமே இளங்கைம்பெண்ணாயிருந்தும், கைம்பெண்களுக்கு இல்லம் அமைத்து அவர்களை ஆசிரியைகள் ஆக்கினார். இவர்கள் எல்லோரும் வீரேசலிங்கத்தின் மாணவர் என்பது நம் கருத்தன்று. ஒரே நெடுஞ்சாலையில் முன்னும் பின்னுமாக நடந்தவர்கள் என்பதே நம் கருத்து.

கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் ராஜமகேந்திரவரம் மீண்டார். 1906-இல் 'ஹிதகாரிணி சமாஜம்' என்னும் அமைப்பை நிறுவித் தம் சொத்து முழுவதையும் அதற்கே எழுதிவைத்தார். பள்ளியும் கைம்பெண் இல்லமும் அதன் ஆதரவில் நடைபெற்றன. அந்நகரிலே 1890-இல் அவர் எழுப்பிய நகர மண்டபமும் பொதுமக்களுக்கே உரியதாயிற்று. சம்பளத்தாலும் நூல் விற்பனையாலும் அரைநூற்றாண்டு சேர்த்ததில் தமக்கென அவர் வைத்துக்கொண்டது ஒன்றுமில்லை.

மறைக்கலாகாத ஒன்று

பெரியோர் வரலாறு எழுதுவோர் குறைகளை மறைத்துவிடுதல் வழக்கம். அது பெரியோருக்கும் நன்றன்று. படிக்கும் நம் மக்களுக்கும் நன்றன்று.

வீரேசலிங்கம் பெண்ணுக்குக் கல்வி வேண்டினார். ஆயினும் அக்கல்வியின் பயன் நல்ல மனைவியும் நல்ல தாயும் ஆவதே என்று அவர் நூல்கள் பல இடங்களிலே கூறுகின்றன. பெண் தானே விரும்பியதை எழுதலாம், தன் இன்பத்தைத் தானே பாடலாம் என்னும் இடம்வரை அவர் செல்லவில்லை. தஞ்சை மராத்திய மன்னர் பிரதாபசிம்மர் அவையிலே விளங்கிய முத்துப்பழனி என்னும் பெண்பாற்புலவர் 'ராதிகா சாந்த்வனம்' என்னும் தெலுங்குக் காவியம் இயற்றியிருந்தார். புலவர் வரலாற்றிலே வீரேசலிங்கம் அவரது குலத்தைச் சுட்டி, பெண்ணொருத்தி இவ்வாறு சிருங்காரம் பாடலாமா என்னும் கருத்துப்பட இகழ்ந்து எழுதினார். அதற்கு மறுமொழி ஒரு பெண்ணிடமிருந்தே வந்தது. அவர்தாம் பெங்களூர் நாகரத்தினம்மாள். திருவையாற்றிலே தியாகராஜ சுவாமிகளின் சமாதிக்குக் கோயில் எழுப்பிய அதே அம்மையார். 1910-இல் அக்காவியத்தைச் சென்னை வாவிள்ள அச்சகத்தார் வாயிலாக முழுமையாகப் பதிப்பித்து, ஆண் புலவர் பாடினால் சுவை, பெண் பாடினால் இழிவா என்று பதிப்புரையிலே கேட்டார். வீரேசலிங்கம் தாமே மொழிபெயர்த்த நூல்களிலும் சிருங்காரம் உண்டென்பதை எடுத்துக்காட்டினார். அரசாங்கம் அந்நூலைத் தடை செய்தது. நாடு விடுதலை பெறும் தறுவாயிலேதான், தங்குடூரி பிரகாசம் முயற்சியால், அத்தடை நீங்கியது.

இவ்வரலாறு நமக்கு இரண்டைக் கற்பிக்கின்றது. எத்துணைப் பெரியவருக்கும் தம் காலம் வரைந்த எல்லைக்கோடு உண்டு. அதுமட்டுமன்று. பெண் கற்க வேண்டும், எழுத வேண்டும் என்று அவர் திறந்த கதவின் வழியேதான் அவரையே மறுத்துக் கேட்கும் பெண்களும் வந்தார்கள். ஆசிரியர் ஒருவருக்கு இதனினும் பெரிய வெற்றி உண்டோ என்று எண்ணுகின்றோம்.

இறுதி ஆண்டுகள்

அம்மையார் மறைந்தபின் வீரேசலிங்கத்தின் உடல் தளர்ந்தது, எழுத்து நிற்கவில்லை. மொழித்துறையிலே கடைசிக் காலத்தில் அவர் செய்த ஒன்று நம் வியப்புக்குரியது. மக்கள் பேசும் மொழியிலேயே நூல் எழுத வேண்டும் என்று கிடுகு இராமமூர்த்தி கிளர்ச்சி செய்தபோது முதலில் அதனை ஏற்காதவருள் வீரேசலிங்கமும் ஒருவர். ஆனால் 1919-இல், எழுபது வயதைக் கடந்தபின், தம் கருத்தை மாற்றிக்கொண்டு வழக்குமொழியை வளர்க்க அமைத்த சங்கத்திற்குத் தலைமை ஏற்றார். முதிய பண்டிதர் ஒருவர் இளையோரின் வாதத்திற்குச் செவிசாய்த்துத் தம் நிலையை மாற்றிக்கொள்வது எந்நாட்டிலும் அரிது.

அதே 1919-ஆம் ஆண்டு மே 27-ஆம் நாள் சென்னையிலே அவர் உயிர் நீத்தார். கோதாவரிக் கரையிலே தொடங்கிய வாழ்வு தமிழ்நாட்டின் தலைநகரிலே நிறைந்தது. 1974-இல் அஞ்சல்துறை அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலை வெளியிட்டது. ஐதராபாத்தின் உசேன்சாகர்க் கரையிலே வரிசையாக நிற்கும் சிலைகளுள் அவருக்கும் ஒன்றுண்டு.

நாம் கொள்ள வேண்டியது

வீரேசலிங்கத்தின் வாழ்விலே பள்ளி ஒருபுறம், பத்திரிகை ஒருபுறம், வீடு ஒருபுறம் எனப் பிரிந்து நிற்கவில்லை. பள்ளியிலே கற்பித்தார், கற்றவர் படிக்கப் பத்திரிகை தந்தார், படித்தவர் நம்பும்படி தம் வீட்டிலேயே நடத்திக் காட்டினார். மூன்றிலே ஒன்று குறைந்திருந்தாலும் மற்ற இரண்டும் நிலைத்திரா. சொல்லுவது யார்க்கும் எளிது என்று நம் பொய்யாமொழியார் எச்சரித்த இடத்திலே, சொன்ன வண்ணம் செய்து காட்டியவர் இவர்.

இன்று நம் குடியிருப்பிலே பெண்குழந்தைகள் பள்ளிக்குச் செல்வதைத் தடுப்பார் இல்லை. ஸ்ரீசிட்டித் தொழிற்சாலைகளிலே நம் மங்கையர் பணியாற்றுகின்றனர். ஆயினும் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிடுவோமா, இன்னும் இரண்டாண்டு படிக்க விடுவோமா என்னும் பேச்சு, மகனைப் பற்றி எழாத வீடுகளிலும் மகளைப் பற்றி எழுகின்றது. கணவனை இழந்த பெண் மங்கல நிகழ்ச்சிகளிலே முன்வரிசையில் அமர்ந்தால் முகம் சுளிப்போர் இன்றும் இல்லாமற் போகவில்லை. நம் சங்க விழாவிலே குத்துவிளக்கேற்ற அத்தகைய அம்மையார் ஒருவரை நாம் அழைத்ததுண்டா என்பதை ஒவ்வொருவரும் எண்ணிப் பார்ப்போமாக.

நம் சங்க நூலகத்திலே தமிழ் நூல்களுக்கு அருகில் வீரேசலிங்கத்தின் நூல்களுக்கும் ஓர் இடம் ஒதுக்குவது நன்று. தெலுங்கு எழுத்தறிந்த நம் பிள்ளைகள் அவற்றைப் படித்துத் தெலுங்கு படிக்கத் தெரியாத பெற்றோருக்கும் பாட்டிமார்க்கும் தமிழிலே சொல்லலாம். எல்லையூரில் வாழும் நம்மைப் போன்றோர்க்கே அமைந்த நல்வாய்ப்பு இது. ஆசான் ஒருவருக்கு நாம் செலுத்தும் அஞ்சலி, அவர் கற்பித்ததை அடுத்த வீட்டிற்கும் கற்பிப்பதே ஆகும்.

வாழ்க அப்பெரியார் புகழ்! வளர்க அவரோடு குடம் சுமந்த அன்னையின் நினைவு!